யார் முகத்தில் கத்தி பட்டது? சில்வியா பிளாத்தின் ஒரு கவிதையும் அதன் வாசகர்களும்

முகத்துச் சுருக்கங்களை அறுவை செய்து நீக்கிக்கொண்ட ஒரு பெண், கட்டுகளுக்குள்ளிருந்தபடி தன் கதையைச் சொல்கிறாள். எட்டெட்டு வரியாக நான்கு பத்தி, மொத்தம் 32 வரி. அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1961 பிப்ரவரி 15 அன்று லண்டனில் எழுதிய ‘ஃபேஸ் லிஃப்ட்’ கவிதை இவ்வளவுதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் படிப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. சிலருக்கு அது வயதை வென்ற பெண்ணின் கும்மாளம். சிலருக்குத் தன்னையே புதைத்துவிட்டுச் சிரிக்கும் ஒருத்தியின் பரிதாபம். பிளாத்தின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அதில் அவருடைய தற்கொலை முயற்சியையும் மருத்துவமனை நாட்களையும் பார்க்கிறார்கள். அறியாதவர்களுக்கு அது ஓர் அழகு சிகிச்சையைப் பற்றிய கவிதை மட்டுமே.

இத்தனை வாசிப்புகளும் வாசகர்களின் மனப்போக்கால் மட்டும் வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. இவற்றுக்கான இடத்தைக் கவிதையே விட்டுவைத்திருக்கிறது. எங்கே, எப்படி விட்டுவைத்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை. ஏனென்றால் இது ஒரு கவிதையோடு நிற்கிற விஷயம் இல்லை. கவிஞர் தன் சொந்த வாழ்க்கையின் ரகசியங்களைத் தன் பெயரிலேயே பேசும் ‘வாக்குமூலக் கவிதை’ என்ற வகையையே எப்படிப் படிப்பது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

முதல் பத்தியில் யாரோ ஒருத்தி மருத்துவமனையிலிருந்து நல்ல செய்தியோடு வருகிறாள். பட்டு ஸ்கார்ஃபைச் சட்டென்று உருவி, முகத்தை இறுகச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டுகளைக் காட்டுகிறாள். எகிப்தில் பதப்படுத்திய உடல்களுக்குச் சுற்றுகிற துணிபோல இருக்கின்றன அவை. அவள் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி. ‘நான் நன்றாக இருக்கிறேன்.’ மேற்கோள் குறி இல்லை. அடுத்த வரியே, ‘எனக்கு ஒன்பது வயதில்’ என்று தொடங்கிவிடுகிறது. பச்சை உடையில் ஒரு மயக்க மருத்துவர், தவளை முகம் போன்ற மூடி, வாழைப்பழ வாடை அடிக்கும் வாயு, இடி முழக்கம்போல் அறுவை மருத்துவர்களின் குரல், கடைசியில் தகரக் கிண்ணத்தோடு நீந்தி வருகிற அம்மா, வாந்தி.

இந்த ஒன்பது வயது யாருடையது? வந்தவள் ‘நீ’. அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ‘நான்’. முக்காற்புள்ளிக்குப் பிறகு வரும் ‘நான்’ வந்தவளின் பேச்சு என்று எடுத்துக்கொண்டால், கவிதை முழுவதும் அவளுடைய கதையாகிவிடுகிறது. முதல் வரியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி அத்தோடு மறைந்துவிடுகிறாள். அந்த ‘நான்’ பார்த்துக்கொண்டிருப்பவளுடையது என்றால், சிநேகிதியின் கட்டுகளைக் கண்டதும் தன் சின்ன வயது அறுவை நினைவுக்கு வர, அங்கிருந்து கற்பனையில் அவளுடைய உடம்புக்குள்ளேயே புகுந்துவிடுகிறாள் என்று ஆகிறது. ‘நீ’யும் ‘நானு’ம் ஒரே ஆள்தான், கண்ணாடி முன்னால் நின்று பேசுகிறாள் என்று படிப்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. வாசகர்கள் பிரியும் முதல் சந்து இதுதான். மற்ற பிரிவுகள் எல்லாம் இங்கிருந்தே கிளம்புகின்றன.

பிளாத் முகச் சுருக்க அறுவை எதுவும் செய்துகொண்டதில்லை. கவிதையை எழுதியபோது அவருக்கு 28 வயது. கவிதைப் பெண்ணோ தன் ‘முதல் கணவனின்’ சோபாவை நினைவுகூர்கிறாள். அதாவது இன்னொரு கணவனாவது பிறகு வந்திருக்க வேண்டும். கழுத்துச் சதை தொங்கத் தொடங்கியவள். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கைகாட்டுவது டைடோ மெர்வினை. கவிஞர் டபிள்யூ. எஸ். மெர்வினின் அப்போதைய மனைவி, பிளாத்தைவிட வயதில் நன்றாக மூத்தவர், லண்டனில் பிளாத்தின் வீட்டுக்கு அருகிலேயே வசித்தவர். அவர் முக அறுவை செய்துகொண்டதுதான் கவிதைக்கு விதை என்கிறார்கள். மெர்வின்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர்களுடைய வாசிப்பறையைத்தான் பிளாத் எழுதுவதற்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் தெரிந்த செய்தி.

இந்தத் தகவல் தெரிந்ததும் கவிதையின் மூன்றாம் பத்தி வேறு மாதிரி ஒலிக்கிறது. ஐந்து நாள் மறைந்து கிடக்கிறாள் அந்தப் பெண். நெருங்கிய தோழிகூட அவள் கிராமத்துக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தி மறைத்த காரியத்தை இன்னொருத்தி ‘நான்’ போட்டுக் கவிதையாக்கி, அது மறுவருடம், 1962இல், சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழிலும் வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் இது எனக்கு உறுத்துகிறது. 1989இல் ஆன் ஸ்டீவன்சன் எழுதிய பிளாத்தின் வாழ்க்கை வரலாற்றில் பின்னிணைப்பாக டைடோ மெர்வினின் நினைவுக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. அதில் பிளாத் மீது அவர் காட்டும் கசப்பு பலரை முகம் சுளிக்க வைத்தது. அந்தக் கசப்புக்குக் காரணங்கள் பல. அவற்றை ஒரு கவிதையில் கொண்டுபோய்க் கட்டுவது நியாயம் இல்லை. ஆனால் வாக்குமூலம் என்று நாம் படிப்பது சில சமயம் அடுத்தவருடைய வாக்குமூலமாகவும் இருக்கலாம், அவரைக் கேட்காமலே எடுத்ததாகவும் இருக்கலாம் என்பதை இங்கே தாண்டிப் போக முடியாது.

‘வாக்குமூலம்’ என்ற முத்திரை வந்த விதமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல்லின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்புக்கு 1959இல் எழுதிய மதிப்புரையில் விமர்சகர் எம். எல். ரோசந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். குடும்பம், மனநோய், மருத்துவமனை என்று அதுவரை கவிதை தயங்கித் தொட்டவற்றை லோவெல் தன் பெயரிலேயே பேசியிருந்தார். அதே ஆண்டு பாஸ்டனில் லோவெல்லின் வகுப்பில் பிளாத்தும் கவிஞர் ஆன் செக்ஸ்டனும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் முத்திரை பிளாத்துக்கும் ஒட்டிக்கொண்டது. முத்திரை விழுந்தபின் ‘நான்’ என்று எங்கே வந்தாலும் அது கவிஞர்தான் என்று படிப்பது பழக்கமாகிவிட்டது.

பிளாத் இதை ஏற்றுக்கொண்டாரா? பாதிதான். 1962 அக்டோபரில் பீட்டர் ஆருக்குக் கொடுத்த வானொலிப் பேட்டியில், லோவெல்லும் செக்ஸ்டனும் திறந்துவிட்ட வழி தன்னை உற்சாகப்படுத்தியது என்கிறார். தன் கவிதைகள் சொந்த அனுபவத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்றும் ஒத்துக்கொள்கிறார். அதே மூச்சில், வெறும் நெஞ்சுக் குமுறலாக வரும் கவிதைகளோடு தனக்கு ஒட்டுதல் இல்லை, எவ்வளவு கொடுமையான அனுபவத்தையும் அறிவோடு கையாண்டு வடிவத்துக்குள் கொண்டுவரத் தெரிய வேண்டும் என்கிறார். இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

அப்படிப் படிப்பவர்களுக்கு இந்தக் கவிதையில் சான்றுகளுக்குப் பஞ்சம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தந்தை இறந்தபோது பிளாத்துக்கு எட்டு வயது. கவிதையில் வருவது ஒன்பது. 1953இல், இருபது வயதில், தற்கொலைக்கு முயன்றார். கன்னத்தில் வடு தங்கியது. கவிதைப் பெண்ணும் ‘எனக்கு இருபது வயது’ என்கிறாள். கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் எழுத்தை அழிப்பதுபோல இருட்டு என்னைத் துடைத்துப்போட்டது என்று மயக்கத்தைச் சொல்லும் வரியில், அவருக்குக் கொடுக்கப்பட்ட மின்னதிர்ச்சி சிகிச்சையைக் கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விடக் கனமான தேதி ஒன்று இருக்கிறது. 1961 பிப்ரவரி 6 அன்று அவருக்குக் கருக்கலைந்தது. ஒன்பது நாள் கழித்து எழுதிய கவிதை, குழந்தையைப்போல் இளஞ்சிவப்பாக வழுவழுப்பாக விழிக்கிறேன் என்று முடிகிறது. கைக்கெட்டாமல் போன குழந்தையின் இடத்தில் தன்னையே வைத்துக்கொள்ளும் தாய் என்று இந்த வரியைப் படிக்கிறவர்களைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பு அந்த வீட்டில் அந்த வாரம் இருந்தது. கவிதைக்குள் அது வராமல் இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

படித்த வரிசையும் ஒரு காரணம். பிளாத் 1963 பிப்ரவரி 11 அன்று இறந்தார். 1965இல் வந்த ‘ஏரியல்’ கவிதைத் தொகுப்புதான் உலகம் அறிந்த பிளாத்தைக் கொடுத்தது. ‘ஃபேஸ் லிஃப்ட்’ புத்தகத்தில் வந்தது 1971இல், ‘கிராஸிங் தி வாட்டர்’ தொகுப்பில். அதற்குள் ‘லேடி லாசரஸ்’ கவிதையில் சாம்பலிலிருந்து எழும் பெண்ணை வாசகர்கள் படித்து முடித்திருந்தார்கள். அதனால் இந்தச் சிறிய கவிதையிலும் சாவும் மறுபிறப்பும் முதலில் கண்ணில் பட்டன. 1976இல் விமர்சகர் ஜூடித் க்ரோல் தன் நூலில், பிளாத்தைச் சொந்தக் கதையாகப் படிப்பது போதாது, பொய்யான தன்னிலை செத்து மெய்யான தன்னிலை பிறக்கும் ஒரு தொன்மமாகப் படிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பிணத்துணி, கிளியோபாட்ரா, துணி சுற்றிய குழந்தை எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. 1962இல் ‘பொயட்ரி’ இதழைப் புரட்டியவருக்கு இந்தக் கண்ணாடி இல்லை. அவர் படித்தது ஒரு பணக்காரச் சீமாட்டியின் குறும்பான தன்கதையைத்தான்.

அந்தக் குறும்பை இழந்துவிடக் கூடாது. இரண்டாம் பத்தி உண்மையிலேயே சிரிக்க வைக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்துத் துவைத்த ஆஸ்பத்திரி அங்கிக்குள் கிளியோபாட்ராபோல நிர்வாணமாக, மயக்க மருந்தின் கிறக்கத்தில், வழக்கத்துக்கு மாறாக நகைச்சுவை பொங்க, தள்ளுவண்டியில் போகிறாள். ‘அதெல்லாம் இப்போது மாறிவிட்டது’ என்று அவள் சொல்வதும் வெறும் பேச்சு இல்லை. ஒன்பது வயதில் முகத்தில் மூடியை அழுத்தி வாயுவை முகரவைத்தார்கள். இப்போது ஓர் அன்பான மனிதர் அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்குகிறார். கையில் நரம்பு எழும்பி வருவதற்காகத்தான் அது. தயோபென்டால்போல நரம்பில் ஏற்றும் மயக்க மருந்து 1934இல் வந்தபின், மூச்சுத் திணறலும் கனவுகளும் இல்லாமல் இரண்டு எண்ணுவதற்குள் நினைவு தப்பிவிடும். கவிதையிலும் இரண்டு எண்ணுவதற்குள்தான் இருள்கிறது. இந்த நிம்மதியை அனுபவித்தவர்கள் கவிதையை மகிழ்ச்சியாகப் படிப்பதில் வியப்பில்லை.

மூன்றாம் பத்தியில் ஒரு வரி, தோலுக்கு வேர் கிடையாது, காகிதம்போல உரிந்து வருகிறது என்கிறது. இது அலங்காரம் மட்டும் அல்ல, அன்றைய அறுவையின் நேரடி விவரணை. காதுக்கு முன்னாலும் முடி விளிம்பிலும் கீறி, தோலை அடியிலிருந்து பிரித்து, இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பார்கள். தோலுக்குக் கீழே தசையை மூடியிருக்கும் இழைமப் படலத்தையும் சேர்த்துத் தூக்கும் முறை 1970களில்தான் வந்தது. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்தப் படலத்தை விவரித்து எழுதினார்கள். அதுவரை இழுத்துக் கட்டியது பெரும்பாலும் மேல்தோலைத்தான். மேல்தோல் சில வருடங்களில் மறுபடி தளரும். ஆகவே ‘வேர் கிடையாது’ என்ற வரிக்கு அவள் நினைக்காத ஒரு பொருளும் இருக்கிறது. எளிதாக உரிந்தது அதே எளிமையோடு பழைய இடத்துக்குத் திரும்பவும் கூடும்.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் குட்டையானது. முதல் பத்தி ‘வாந்தி வந்தது’ என்று முடிகிறது. இரண்டாவது ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று. மூன்றாவது ‘அப்போது என்னிடம் பூனைகூட இல்லை’ என்று. நோய், அறியாமை, இல்லாமை என்று மூன்று முறை ஏதோ ஒரு குறையில்தான் போய் விழுகிறோம். நான்காவது மட்டும் நிறைவோடு முடிகிறது, குழந்தைபோல் வழுவழுப்பாக. மூன்று முறை கால் இடறிய படிக்கட்டில் நான்காவது படியை யார் நம்பி மிதிப்பார்கள்? அந்த மூன்றாவது பத்தியில் அவள் திரும்பிப் போகும் இருபது வயதையும் பாருங்கள். நீளப் பாவாடையும் வாடிய முகமுமாக உட்கார்ந்திருக்கிறாள்; விரல்கள் புதைந்திருப்பது இப்போது செத்துப்போன நாயின் ரோமத்தில். இத்தனை செலவு செய்து மீட்டெடுத்த இளமை சந்தோஷமான இளமையாகவே இல்லை. சிரித்தால் தையல் இழுக்கிறது என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள். முதல் பத்தியில் அவள் சிரித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கட்டும்.

நான்காம் பத்தியில்தான் என் தீர்ப்பு நிற்கிறது. கண்ணாடியில் கோடு கோடாகக் குடியேறிய கிழவியைப் பற்றி இப்போது பேசுகிறாள். தொங்கிய கழுத்துக்காரி, பழைய காலுறை முகக்காரி. அவளை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடைத்துவிட்டார்களாம். அங்கேயே சாகட்டும், இல்லாவிட்டால் இன்னும் ஐம்பது வருடத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, மெலிந்த முடியைத் தடவிக்கொண்டு வாடட்டும் என்கிறாள். இங்கே வெற்றி தெரிகிறவர்கள் ஜாடிக்கு வெளியே இருப்பவளைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண் போவது உள்ளே இருப்பவள்மேல். அவள் சாகவில்லை. ஐம்பது வருடம் தொடர்ந்து வயதாகப்போகிறாள், தனியாக. அவளும் அதே பெண்தான். ஒரு பெண் தன்மேலேயே இவ்வளவு ஆத்திரத்தோடு பேசுவதற்கு அவளுக்கு வெளியிலிருந்து எவ்வளவு பேச்சு வந்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் இந்த வரிகளைப் படிக்க முடிவதில்லை. இந்தக் கவிதையில் வாக்குமூலம் என்று ஒன்று உண்டென்றால், அறுவை செய்துகொண்டேன் என்பது அல்ல அது. என் வருங்காலக் கிழவியை நான் வெறுக்கிறேன் என்பதுதான். அதை ஒப்புக்கொள்ள முக அறுவை செய்திருக்க வேண்டியதில்லை. 28 வயதிலும் அந்த வெறுப்பு சாத்தியம்தான்.

நம் மரபில் இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அகப்பாடல் ஒவ்வொன்றுக்கும் கூடவே ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு வரும். பேசுபவர் யார் என்று முடிவு செய்தபின்தான் பொருளுக்குள் போவார்கள். அகத்தில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஆனால் அந்தக் காவலையும் மீறி வாசகர்கள் கவிஞரைத் தேடத்தான் செய்தார்கள். கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பால்போலத் தன் மேனியழகு வீணாகிறது என்று குறுந்தொகையில் பாடிய வெள்ளிவீதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அகநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் தலைவி, வெள்ளிவீதியைப்போல நானும் கிளம்பிவிடப் போகிறேன் என்கிறாள். அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிவீதியாரின் பாட்டெல்லாம் கணவனைப் பிரிந்த அவருடைய சொந்தக் கதை என்று எத்தனை பேர் எழுதிவிட்டார்கள். பெண் ‘நான்’ என்று எழுதினால் அது அவளுடைய நாட்குறிப்பு என்று கொள்ளும் வழக்கம் லோவெல்லுக்கும் ரோசந்தாலுக்கும் மிக முந்தியது. ஆண் கவிஞர்கள் தலைவி கூற்றாக நூற்றுக்கணக்கில் பாடியிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

‘ஃபேஸ் லிஃப்ட்’ எழுதி இரண்டு வாரத்தில், பிப்ரவரி 28 அன்று, பிளாத்துக்கே ஓர் அறுவை நடந்தது. குடல்வால் நீக்கம், லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் மருத்துவமனையில். அதிலிருந்து மார்ச் 18 என்று ஒரே தேதியிட்ட இரண்டு கவிதைகள் வந்தன. ஒன்று ‘டியூலிப்ஸ்’. அது அவர் படுத்த கட்டில், அவருக்கு வந்த பூக்கள். மற்றது ‘இன் பிளாஸ்டர்’. உடம்பு முழுக்க மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் அதில் பேசுகிறாள். பிளாத்துக்கு மாவுக்கட்டு எதுவும் இல்லை. அது அதே வார்டில் கிடந்த வேறொரு நோயாளியின் நிலை. இரண்டிலும் ‘நான்’ தான். எது சொந்தம், எது கடன் என்று வரிகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டையும் ஒரே ஈடுபாட்டோடு எழுதியிருக்கிறார். முக அறுவைக் கவிதையைத் தனியாக எடுத்துப் படித்துச் சண்டையிடுகிறவர்கள் ‘இன் பிளாஸ்டர்’ கவிதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதிலும் ஒரே உடம்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மாவுக்கட்டே உருவான புதிய வெள்ளை மேனிக்காரி ஒருத்தி, பழைய மஞ்சள் மேனிக்காரி ஒருத்தி. ஆனால் இந்தமுறை பேசுவது பழையவள். தான் அசிங்கமானவள், ரோமம் அடர்ந்தவள் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். பலம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் இந்த வெள்ளை மேனிக்காரி இல்லாமல் சமாளித்துக்கொள்வேன், அப்போது இவள் உள்ளே ஒன்றும் இல்லாமல் அழிந்துபோவாள் என்கிறாள். ஜாடிக்குள் போனவளுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தால் என்ன சொல்வாள் என்று பிளாத்தும் யோசித்திருக்கிறார். அதற்கு அவருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.